பமிலாவும் கரடி வேட்டையும்

போன கிழமை மத்தியானம் சோத்தைப் பிசைஞ்சு வாயிலை வைக்கப்போக ரெலிபோன் அடிச்சுது. எடுத்தால் ஒரு மெஷின். பொம்பிளைக் குரல், நல்ல இனிப்பு. வசந்தகாலக் கரடி வேட்டையைத் திருப்பி நிப்பாட்டுறதைப் பற்றி உங்கடை கருத்தை அறிய விரும்புறமாம். ஆதரிக்கிறது எண்டால் ஒண்டை அமத்து, எதிர்க்கிறது எண்டால் ரண்டை அமத்து. "ஒரு நிமிசம் பொறுங்கோ, கை கழுவிப்போட்டு வாறன்" எண்டு நான் மரியாதையாத்தான் சொன்னன். அது என்னைக் கேட்டால்தானே! தன்ரை பாட்டிலை அடுத்த கேள்விக்குப் போட்டுது.

எனக்கு வந்த விசருக்கு ரெலிபோனை வைச்சன் வைப்பு, மனுசன் மேலையிருந்து என்னப்பா விழுந்தது எண்டு கேட்டார். அந்த வேலையைத்தான் நான் இருவது வருசத்துக்கு மேலை இந்த ரொறொன்ரோவிலை செய்தனான். முன்பின் தெரியாத சனத்தின்ரை வீட்டுக்கு எடுத்து, அவையின்ரை கருத்தைக் கேட்டுப் பதியிற வேலை. இப்ப அதை மெஷின் செய்யுது. என்னோடை கடைசி வருசங்களிலை பக்கத்துக் கதிரையிலை இருந்த சுபா இப்பவும் அந்தக் கொம்பனியிலைதான், கொம்பியூட்டர் பக்கம். "அன்ரி, உங்கடை கதையளை எழுதித் தாங்கோ, ஆள் ஆளைக் கேட்ட காலம் ஒண்டு இருந்ததே புதுசா வாற ஆக்களுக்குத் தெரியாது" எண்டு கன நாளாய் அரிக்கிறாள். சரி பிள்ளை, எழுதுறன். ஆனால் ஒரு கரடிக் கதைதான் எழுதுவன். மிச்சமெல்லாம் பற்பசையும் பாங்கும் காரும், அதை எழுதி ஆருக்கு என்ன?

நான் இஞ்சை வந்து இறங்கினது ரொறொன்ரோவிலை பார்க்டேல் எண்ட பகுதிக்கு. முதல் ஒரு பிஸ்கற் ஃபக்ரறி, பிறகு ஒரு லோண்டறி. ஊரிலை கொஞ்சக்காலம் ரெலிபோன் எக்ஸ்சேஞ்சிலை வேலை செய்தபடியால் எனக்கு இங்கிலிசுக்குப் பயமில்லை. வாய் இருந்தால் வங்காளம் போகலாம் எண்டு சொல்லுவினம், நான் வாயை வைச்சு அந்தக் கருத்துக் கேக்கிற கொம்பனிக் கதிரை மட்டும் போனன். பழக்கின நாளிலை தாளைப் பாத்து வாசிக்கத் தெரியுதோ, வேகமா ரைப் பண்ணத் தெரியுதோ எண்டு பாத்தினம். அவ்வளவுதான் படிப்பு. மற்றதெல்லாம் டொரீனிட்டைப் படிச்சது.

டொரீன் எங்கடை மேற்பார்வையாளர். வடக்கிலை ஒரு சின்ன ஊரிலை பிறந்து வளந்த வெள்ளைக்கார மனுசி. கோடையிலையும் கம்பளிச் சட்டை, காதுக்கு மேலை பென்சில், வாயிலை எந்த நேரமும் ஒரு பெப்பர்மின்ற். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை எண்டு எனக்குப் பலநாள் தோன்றியிருக்கு.

முதல் நாள் என்ரை பேரைக் கேட்டா. பரமேஸ்வரி எண்டன். "அதைச் சொல்லி முடிக்க முதல் அவை போனை வைச்சிடுவினம். அதே எழுத்திலை வேறை ஒண்டு எடும்" எண்டா. அங்கை எல்லாருக்கும் ஒரு போன் பேர் இருந்தது. முன்வரிசையிலை இருந்த குணரத்தினம் அண்ணைக்கு கென். நான் பமிலா ஆனன். குணரத்தினம் அண்ணை சாப்பாட்டு நேரத்திலை "என்ன பமிலா, இண்டைக்குப் புட்டோ இடியப்பமோ?" எண்டு பகிடி பண்ணுவார். உள்ளுக்கை பமிலா, வெளியிலை பரமேஸ். கதவைத் தாண்டேக்கை கோட்டைக் கழட்டிக் கொழுவிற மாதிரிப் பேரையும் கொழுவிப்போட்டுப் போறது எங்களுக்குப் பழகிப்போச்சு.

டொரீனின்ரை சட்டங்களைச் சொல்லவேணும், இல்லாட்டி இந்தக் கதை விளங்காது. கேள்வியை எழுதின மாதிரியே வாசிக்கவேணும். ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ கூடாது. "அதின்ரை அர்த்தம் என்ன?" எண்டு கேட்டால், "உங்களுக்கு அது என்னவோ அதுதான்" எண்டு சொல்லவேணும். மறுமொழி வந்தால் "நல்லது" எண்டு சொல்லக்கூடாது. "நல்லது எண்டால் அடுத்த கேள்விக்கு அவர் உம்மைச் சந்தோசப்படுத்தப் பாப்பார். பிறகு அது அவற்றை மறுமொழி இல்லை, உம்மடை மறுமொழி" எண்டுவா. "நன்றி" மட்டும்தான். ஏன் அப்பிடி நினைக்கிறியள் எண்டு கேக்கிற கேள்விக்கு ஆள் சொல்லுற ஒவ்வொரு சொல்லையும் அப்பிடியே ரைப் பண்ணவேணும், தூசணம் எண்டால் தூசணம். ஆள் நிப்பாட்டினால் அதே குரலிலை "வேறை ஏதும்?" எண்டு கேக்கவேணும். ஒண்டும் இல்லை எண்டு சொல்லுமட்டும் "வேறை ஏதும்?" ஆள் தானாக் கேட்டால் முந்திச் சொன்ன மறுமொழியை மாத்தலாம். ஆனால் ஏன் மாத்துறியள் எண்டு நாங்கள் கேக்கக்கூடாது. "தெரியாது" எண்டதை ஒருக்காலும் வாசிச்சுக் காட்டக்கூடாது, அவையே சொன்னால் மட்டும் பதியலாம். எல்லாத்துக்கும் மேலை, நாங்கள் ஆர், எந்த ஊர், எங்கடை எண்ணம் என்ன எண்டு மூச்சு விடக்கூடாது.

டொரீன் தன்ரை கண்ணாடி அறைக்குள்ளை இருந்து எங்கடை லைனுக்குள்ளை வந்து ஒட்டுக் கேப்பா. எப்ப கேக்கிறா எண்டு எங்களுக்குச் சொல்லமாட்டா. ஆனால் பெப்பர்மின்ற் பல்லிலை பட்டு "டிக்" எண்டும். அது எங்கடை காதுக்குள்ளை கேக்கும். அந்தச் சத்தம் கேட்டால் முதுகை நிமித்தி இருப்பம்.

ஊரிலை சண்டை முடிஞ்ச வருசத்துக்கு வாறன். என்ரை தங்கச்சி ராணியும் மனுசன் நேசனும் மகள் மதுவும் வன்னிக்குள்ளை அகப்பட்டுப் போச்சினம். மாசியிலை ஒருக்கால் ராணியின்ரை குரல் கேட்டுது. ஆரோ ஒரு பாதிரியாற்றை போனிலையிருந்து, "பங்கருக்கை இருக்கிறம் அக்கா, மது கேட்டதெண்டு சொல்லுங்கோ அத்தானிட்டை" எண்டாள். அதோடை சரி. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவளுக்குப் பாடமாய்த் தெரிஞ்ச நம்பர் எங்கடை வீட்டு நம்பர் ஒண்டுதான். வந்த காலத்திலையிருந்து நாங்கள் அதை மாத்தேல்லை. வீட்டிலை ஆள் இல்லாத நேரம் அந்தக் கோல் என்ரை கைப்போனுக்கு வாற மாதிரிச் செய்து வைச்சிருந்தன். ஆனால் வேலையிடத்திலை கைப்போன் எல்லாம் லொக்கருக்குள்ளைதான் கிடக்கவேணும், அதுவும் டொரீனின்ரை சட்டம்.

நான் போய்க் கேட்டன். என்ன நடக்குது எண்டு முழுக்கச் சொன்னன். அவ பென்சிலை எடுத்து மேசையிலை வைச்சா. "உம்மடை மேசையிலை வைக்க ஏலாது. ஒராளுக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேணும்." எனக்குக் கண் நிறைஞ்சுபோச்சு, திரும்பினன். "பொறும்" எண்டு கையை நீட்டினா. "அதைக் கொண்டுவந்து என்னட்டைத் தாரும். என்ரை மேசையிலை கிடக்கட்டும். அடிச்சால் நான் கொண்டு வருவன்."

"நான் லைனிலை கதைச்சுக்கொண்டிருக்கேக்கை அடிச்சால்?"

பெப்பர்மின்ற் இந்தக் கன்னத்திலையிருந்து அந்தக் கன்னத்துக்குப் போச்சு. "கொண்டு வருவன் எண்டனான்."

அந்த நேரம் பாத்து எங்களுக்கு வந்து வாய்ச்சது கரடி. கொஞ்ச வருசத்துக்கு முந்தி மாகாண அரசாங்கம் வசந்தகாலத்திலை கரடி சுடுறதை நிப்பாட்டிப் போட்டுது. தாய்க் கரடியைச் சுட்டால் குட்டியள் பட்டினி கிடந்து சாகுது எண்டு பட்டணத்துச் சனம் கொதிச்சதாலை வந்த தடை. வடக்கு நாட்டுப்புறச் சனத்துக்கு அது தீராத கோவம். தடையை எடுக்கிறம் எண்டு சொன்னால் நாட்டுப்புறத்து வாக்கு விழுமோ, எவ்வளவு இறுக்கமாய் விழும் எண்டு ஆரோ அறிய விரும்பிச்சினம். ஆர் எண்டு எங்களுக்குச் சொல்லமாட்டினம். நாங்கள் வடக்கிலை இருக்கிற சின்னச் சின்ன ஊருகளுக்கு எடுத்துக் கேக்கவேணும்.

அந்தக் கேள்விக்கொத்திலை ஒரு வசனம் இருந்தது. "ஒரு இடத்திலை வாழாத, தூரத்திலை இருக்கிற ஆக்களுக்கும், அந்த இடத்திலை என்ன நடக்கவேணும் எண்டு சொல்ல உரிமை இருக்கவேணும்." கடுமையா ஏற்கிறியளோ, ஓரளவு ஏற்கிறியளோ, ஓரளவு மறுக்கிறியளோ, கடுமையா மறுக்கிறியளோ? நான் எடுத்த சனம் எல்லாம் கடுமையா மறுத்துது. கேள்வி முடிய முதலே மறுத்த ஆக்களும் இருக்கினம்.

எனக்கு அந்த வசனம் தொண்டையிலை முள்ளு. வேலை இல்லாத நேரமெல்லாம் நான் றோட்டிலை நிண்டனான். எங்கடை சனத்தைக் காப்பாத்துங்கோ, நிப்பாட்டச் சொல்லுங்கோ எண்டு, அந்த இடத்தைக் கண்ணாலை கண்டிராத அரசாங்கங்களைப் பாத்துக் கத்தினனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சனம் பெருந்தெருவிலை ஏறிக் குந்தினது. நானும் ஏறினன். எனக்குப் பக்கத்திலை ஒரு பிள்ளை தள்ளுவண்டிலிலை நித்திரை. அடுத்த நாள் வந்து காதிலை ஹெட்செற்றை மாட்டி, தூரத்து ஆக்களுக்கு உரிமை இருக்கோ எண்டு கேக்கிறன். கேட்டு, மறுக்கிறன் எண்ட மறுமொழிக்கு நன்றி எண்டு சொல்லுறன்.

சண்டை முடிஞ்சுது எண்டு செய்தி வந்த கிழமை வீடு செத்த வீடு மாதிரி. ஆர் இருக்கினம் ஆர் இல்லை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. லீவைப் போட்டுவிட்டு இரு எண்டார் மனுசன். இருந்து? அடிக்காத போனைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? சனிக்கிழமை காலமை மனுசனும் வேலைக்குப் போக, நானும் வெளிக்கிட்டுப் போனன். கைப்போனை டொரீனின்ரை கையிலை குடுத்தன். அவ அதை மேசையிலை நிமித்தி வைச்சதைக் கண்ணாடிக்குள்ளாலை பாத்துப்போட்டுத்தான் இருந்தன்.

பத்து மணி போலை லைனிலை ஒரு மனுசன் அகப்பட்டார். வயது போன, நிதானமான குரல். பின்னாலை நாய் குலைக்குது. அவர் இங்கிலிசிலை கதைச்சதை நான் எங்கடை பாசையிலை எழுதுறன்.

"ஆர் கதைக்கிறது?"

"பமிலா, ஐயா. ரொறொன்ரோவிலையிருந்து. ஒண்டும் விக்கேல்லை, உங்கடை கருத்தை அறியத்தான்."

"ரொறொன்ரோவுக்கு என்ரை கருத்து வேணுமாமோ? அப்ப கேளும், கேளும். நீர் கரடியைக் கண்டிருக்கிறீரோ?"

"மன்னிக்கவேணும் ஐயா, நான் உங்கடை கருத்தைத்தான் பதியலாம்."

"அப்ப காணேல்லை."

எனக்கு அந்தக் கிழமை முழுக்க வராத சிரிப்பு வரப் பாத்துது. அடக்கிக்கொண்டு வாசிச்சன். தடையை எடுக்கவேணும், கடுமையா ஆதரிக்கிறன் எண்டார். ஏன் எண்டன். தானும் மனுசியும் காட்டுக்குள்ளை சின்னச் சின்னக் குடில் கட்டி வைச்சிருந்தவையாம், வசந்தத்திலை அமெரிக்காவிலையிருந்து வேட்டைக்காரர் வந்து தங்குவினமாம். தடை வந்தோடை எல்லாம் பூட்டு. மனுசி இப்ப ரவுணிலை வயோதிபர் இல்லத்திலை துணி தோய்க்கிறாவாம்.

"வேறை ஏதும்?"

"பேரன் முத்தத்திலை விளையாடுறதெண்டால் முதல் நாயை விட்டுப் பாக்கவேணும். போன மாதம் கரடி படியிலை நிண்டது. எழுதுறீரோ?"

"எழுதுறன் ஐயா. வேறை ஏதும்?"

"தாய்க் கரடியைச் சுடுறவன் எனக்கும் விருப்பமில்லை. நான் சுடவிட்டதும் இல்லை. ஆனால் எங்களை வந்து ஒருத்தரும் கேக்கேல்லை. ரீவியிலை குட்டியைக் காட்ட ரொறொன்ரோ அழுதது. அழுதாப்போலை சட்டம்."

ரைப் பண்ணினன். ஞாயமான கதை எண்டு மனதுக்குள்ளை பட்டுது, சொல்லக்கூடாது. பிறகு அந்த வசனம் வந்தது. வாசிச்சன்.

"கடுமையா மறுக்கிறன்" எண்டார். பிறகு நிப்பாட்டாமல் போனார். "இதையும் எழுதும். அண்டைக்கு ரீவியிலை பாத்தன், பெருந்தெருவை மறிச்சுக்கொண்டு ஒரு கூட்டம், கைக்குழந்தையளையும் கொண்டுவந்து. உலகத்தின்ரை மற்றப் பக்கத்திலை நடக்கிற சண்டைக்கு. இஞ்சை இருந்து கத்தினால் அங்கை நிக்குமோ? அதுகளுக்கு அங்கை என்ன நடக்குதெண்டு என்ன தெரியும்? எங்கடை கதையைக் கேக்க ஒரு கமெராவும் இல்லை, உதுகளுக்கு ரீவி முழுக்க. வந்த இடத்துக்கே போகட்டும்."

ஒரு சொல்லும் விடாமல் அடிச்சன். விரல் தன்ரை பாட்டிலை அடிச்சுது. எனக்குக் காது ரண்டும் கொதிச்சுது. எட குறுக்காலை போவானே, அந்தத் தள்ளுவண்டிலுக்குப் பக்கத்திலை நிண்டது நான்தானடா எண்டு வாய்மட்டும் வந்துது. அந்த நேரம் காதுக்குள்ளை "டிக்". டொரீன் லைனிலை நிக்கிறா. கதையை விழுங்கினன்.

"வேறை ஏதும்?"

அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். எனக்கு அது கேக்கேல்லை. டிக் சத்தம் நிண்டுபோச்சு எண்டது மட்டும் தெரிஞ்சுது. தலையை நிமித்தினன். கண்ணாடிக்குப் பின்னாலை டொரீன் எழும்பி நிக்கிறா, கையிலை என்ரை போன் வெளிச்சம் போடுது. அந்த மனுசி ஓடி நான் கண்டதில்லை. அண்டைக்கு ஓடி வந்தா.

லைனிலை ஆளை வைச்சுக்கொண்டு பக்கத்திலை கதைக்கிறதெண்டால் ஒரு பட்டன் அமத்தவேணும், எங்கடை குரல் அந்தப் பக்கம் போகாது. ஆயிரம் தரம் அமத்தின பட்டன். நான் ஹெட்செற்றைக் கழுத்துக்கு இழுத்து விட்டுப்போட்டுப் போனைப் பறிச்சன். பிறகு கத்தினன். ஊருக்குக் கோல் எண்டால் எங்கடை சனம் கத்தித்தானே கதைக்கும், கடலைத் தாண்டிக் கேக்கவேணுமெண்டு. நுணலும் தன் வாயால் கெடும் எண்டது எனக்கெண்டே சொன்னது போலை.

"ஹலோ! ஹலோ! ஆர் கதைக்கிறது?"

ஒரு பொம்பிளை, மெல்லமாய்ச் சொன்னா. "வவுனியா ஆஸ்பத்திரியிலையிருந்து. ராணி எண்டொராள் இந்த நம்பரைத் தந்தவ. உங்கடை தங்கச்சியோ?"

"ஓம்! ஓம்! இருக்கிறாவோ? உயிரோடை இருக்கிறாவோ?"

"இருக்கிறா. கால் காயம், நடக்கேலாது, ஆனால் பயமில்லை. மகள் பக்கத்திலை நிக்கிறா, சுகம்."

"நேசன்? அவளின்ரை மனுசன்?"

"அவரைப் பற்றி அவ ஒண்டும் கதைக்கிறா இல்லை அக்கா. நான் கேக்கவும் இல்லை. இன்னும் கன பேருக்கு எடுக்கவேணும், வைக்கிறன்."

நான் நிண்டபடி நிண்டன். எப்ப எழும்பினன் எண்டு தெரியாது. குணரத்தினம் அண்ணை ஹெட்செற்றைக் கழட்டிப்போட்டு எழும்பி நிக்கிறார். டொரீன் எனக்குப் பக்கத்திலை. அப்பதான் என்ரை கழுத்துக்குக் கீழை ஒரு சின்னச் சத்தம்.

"பமிலா? பமிலா, நிக்கிறீரோ?"

பட்டனைப் பாத்தன். அமத்தேல்லை. என்ரை கத்தல் எல்லாம் அந்தாளுக்குப் போயிருக்கு.

இருந்து, ஹெட்செற்றைப் போட்டன். "காத்திருந்ததுக்கு நன்றி ஐயா. அடுத்த கேள்வி" எண்டன்.

"அந்தப் பெருந்தெருவிலை நிண்டது உம்மடை ஆக்களோ?"

"அதை நான் சொல்ல ஏலாது ஐயா."

"ம்." நாய் குலைச்சுது, சத்தம் போடாதை எண்டு அதட்டினார். "இப்ப போனிலை சொன்னது ஆரைப் பற்றி? பாசை விளங்கேல்லை, ஆனால் நீர் கத்தின கத்தல் விளங்கிச்சுது. உயிரோடையோ?"

டொரீனைப் பாத்தன். ஓம் எண்டும் தலையாட்டேல்லை, இல்லையெண்டும் ஆட்டேல்லை. லைனை வெட்டியிருக்கலாம், அவவின்ரை கைக்கெட்டின தூரம்தான். வெட்டேல்லை. தலைக்கு மேலை வெள்ளம் போட்டுது, இனிச் சாண் என்ன முழம் என்ன எண்டு நினைச்சன்.

"என்ரை தங்கச்சி. உயிரோடை இருக்கிறா."

அந்தாள், நான் அவரைக் கேட்ட அதே மாதிரி, அதே குரலிலை கேட்டார்.

"வேறை ஏதும்?"

"மகளும் இருக்கிறா. மனுசன்... மனுசனைப் பற்றி அவ ஒண்டும் கதைக்கிறா இல்லையாம்." அதைச் சொல்லேக்கைதான் எனக்கு விளங்கிச்சுது நேசன் இல்லை எண்டு. மேசையைப் பிடிச்சுக்கொண்டு அழுதன்.

அந்தாள் வைக்கேல்லை. காத்திருந்தார். நான் மூக்கைத் துடைச்சு முடியக் கேட்டார், "தங்கச்சிக்குப் பேர் என்ன?"

"ராணி."

"ராணி" எண்டு திருப்பிச் சொன்னார், வடிவாய், பிழையில்லாமல். "பமிலா, முந்திச் சொன்ன ஒண்டை மாத்தலாமோ?"

"மாத்தலாம் ஐயா. எந்தக் கேள்வி?"

"அந்தத் தூரத்து ஆக்களின்ரை கேள்வி. திருப்பி வாசியும்."

எழுதின மாதிரியே வாசிச்சன். உண்மையைச் சொல்லுறன், அவர் ஏற்கிறன் எண்டு சொல்லவேணும் எண்டு என்ரை நெஞ்சு கிடந்து அடிச்சுது. அந்த நேரத்துக்கு உலகத்திலை ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், நீங்கள் கத்தினது பிழையில்லை எண்டு சொல்லவேணும் போலை இருந்தது.

"தெரியாது" எண்டார். "தெரியாது எண்டு போடும். கரடி விசயம் எனக்குத் தெரியும், அதிலை ஒரு சொல்லும் மாத்தமாட்டன். உது எனக்குத் தெரியாது."

"அதுக்குக் கீழை நீங்கள் சொன்னது, பெருந்தெருவைப் பற்றி. அதை அழிக்க ஏலாது ஐயா, மேலதிகமாச் சேர்க்கலாம்."

"அழிக்கவேண்டாம். நான் சொன்னதுதானே, கிடக்கட்டும்."

மிச்சக் கேள்வியளை வாசிச்சன், மறுமொழி சொன்னார். நன்றி எண்டன். "போய்த் தங்கச்சியைப் பாரும்" எண்டார், ஏதோ தங்கச்சி அடுத்த தெருவிலை இருக்கிற மாதிரி. வைச்சிட்டார்.

டொரீன் என்னைக் கண்ணாடி அறைக்குள்ளை கூட்டிக்கொண்டு போய்த் தண்ணி தந்தா. என்ரை கைக்குள்ளை ஒரு பெப்பர்மின்றை வைச்சா. பிறகு கொம்பியூட்டரைத் திருப்பி அந்த மனுசன்ரை கோலை எடுத்தா.

"இது செல்லாது" எண்டா.

"என்ன?"

"கேக்கிறது ஆர் எண்டு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்குப் பிறகு வந்தது கணக்கிலை வராது. அரைவாசியை மட்டும் வைச்சிருக்கவும் ஏலாது. முழுக்க எடுக்கவேணும்."

எனக்கு வந்ததே கோவம். என்ரை கண்ணீரை வேணுமெண்டால் அழியுங்கோ, அந்தாளை அழிக்கவேண்டாம் எண்டன். "இந்த மாதம் முழுக்க வந்த மறுமொழியளிலை யோசிச்சுச் சொன்னது அது ஒண்டுதான். அதையோ அழிக்கப் போறியள்?"

"ஓம்" எண்டா டொரீன். "அதை அவர் கேள்விக்குச் சொல்லேல்லை பரமேஸ்வரி. உமக்குச் சொன்னவர்."

அத்தினை வருசத்திலை அவ என்ரை பேரை முழுசாய்ச் சொன்னது அண்டைக்குத்தான். சொல்லிப்போட்டு அழிக்கிற பட்டனை அமத்தினா. கரடி, குடில், துணி தோய்க்கிற மனுசி, முத்தத்துப் பேரன், பெருந்தெருவை மறிச்ச நாங்கள், தெரியாது எண்ட அந்தச் சொல், எல்லாம் போச்சு. பிறகு எழும்பிக் கோட்டை மாட்டினா. அறையைக் குணரத்தினம் அண்ணையைப் பாக்கச் சொல்லிப்போட்டு, என்னைத் தன்ரை காரிலை வீடு மட்டும் கொண்டுவந்து விட்டா. வாசலிலை இறங்கேக்கை, "திங்கட்கிழமை போனைக் கொண்டுவாரும், இன்னும் கோல் வரும்" எண்டா.

நான் அவவோடை கன நாள் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. இப்ப நினைச்சால் அவ செய்தது சரி எண்டு படுது. எண்டாலும் கோவம் முழுக்கப் போகேல்லை, அதையும் எழுதத்தான் வேணும்.

ராணியும் மதுவும் சில வருசத்திலை இஞ்சை வந்து சேந்தினம். இப்ப ரொறொன்ரோவுக்கு வெளியிலை அஜக்ஸிலை எங்களுக்குக் கிட்டத்தான் இருக்கினம். ராணி ஒரு காலை இழுத்து நடப்பாள். நேசனைப் பற்றி இண்டைக்கும் அவளாக் கதைச்சதில்லை, நானாக் கேட்டதும் இல்லை. பேந்து ஒரு காலத்திலை அந்தக் கரடி வேட்டையைத் திருப்பி விட்டினம். குடில் பூட்டுத் திறந்ததோ, அந்த மனுசன் இருந்து பாத்தாரோ, அது எனக்குத் தெரிய வழியில்லை. பேர் கேக்கிறதும் எங்களுக்குத் தடைதான்.

மெஷின் எடுத்த அண்டு பின்னேரம் ராணி வந்தாள். முதல்முதலாய் அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னன். பமிலா எண்ட பேருக்கு விழுந்து விழுந்து சிரிச்சாள். சிரிச்சு முடிய, அந்த வசனத்தை டொரீன் பழக்கின மாதிரி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அவளுக்கு வாசிச்சன். தூரத்திலை இருக்கிற ஆக்களுக்கும் உரிமை இருக்கவேணும். நீ என்ன சொல்லுறாய்?

தேத்தண்ணிக் கோப்பையைச் சுத்திக்கொண்டு இருந்தாள். "தூரத்து ஆக்கள் கிடக்கட்டும் அக்கா. கிட்ட நிண்டவையே எங்களை ஒண்டும் கேக்கேல்லை."

நன்றி எண்டு சொல்ல வாயெடுத்தன், பழக்கதோசம். சொல்லேல்லை.

"அப்ப, நான் உயிரோடை இருக்கிறன் எண்டு நீங்கள் முதல் சொன்னது அத்தானுக்கோ?" எண்டு கேட்டாள்.

நான் யோசிச்சுப் பாத்தன். மனுசனுக்குச் சொன்னது டொரீன் கொண்டுவந்து விட்ட பிறகு. குணரத்தினம் அண்ணைக்கும் டொரீனுக்கும் ஆரும் சொல்லத் தேவையில்லை, பக்கத்திலை நிண்டவை. ராணி உயிரோடை இருக்கிறாள் எண்டு இந்த உலகத்திலை நான் முதல்முதல் வாய் திறந்து சொன்னது, எங்களை வந்த இடத்துக்கே போகச் சொன்ன ஒரு கரடி வேட்டைக் குடில்காரனுக்கு. அவருக்கு உன்ரை பேர் தெரியும் ராணி எண்டன். என்ரை பேர் தெரியாது.